கணக்கில் வாராத தாய்மார்

(சங்கத்தின் ஆண்டுவிழாவிலே மாதர் பகுதியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுவிழா என்பது மகிழ்ச்சிக்குரிய நாள். வாயிலிலே வாழையும் மாவிலைத் தோரணமும் கட்டியிருக்கின்றோம். சற்று முன்னர் நம் காலனிச் சிறுமியர் கோலாட்டம் ஆடி நம் உள்ளத்தைக் கவர்ந்தனர். இனி நாடகமும் உண்டு. அதன்பின் விருந்தும் உண்டு. இவற்றிற்கு நடுவே இறப்பைப் பற்றிப் பேச ஒருத்தி மேடையேறுவது தகுமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். தலைப்பைக் கேட்டதும் நம் செயலாளர் அவர்களே சிறிது தயங்கினார். ஆயினும் நாற்பதாண்டுக் காலம் பிரசவ அறையிலே உழைத்து ஓய்வு பெற்ற நான், உங்களிடம் கூறவேண்டியது ஒன்று உண்டு. அதனைத் தாய்மாரும் தந்தைமாரும் ஒருங்கே அமர்ந்திருக்கும் இவ்விடத்திலன்றி வேறெங்கே கூறுவேன்?

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் முன்னோர் கூறினர். அச்சொல்லிலே மகிழ்ச்சியும் உண்டு, அச்சமும் உண்டு. மறுபிறப்பு எய்தியவளுக்கு மஞ்சள் நீராட்டிப் பத்திய உணவு சமைத்துப் போடுகின்றோம். எய்தாது போனவளை என் செய்கின்றோம்? அழுகின்றோம், விதி என்கின்றோம், பச்சிளங் குழந்தையைப் பாட்டியின் மடியிலே கிடத்துகின்றோம். அவள் ஏன் இறந்தாள் என்று மட்டும் கேட்பதில்லை. அக்கேள்வியைக் கேட்டே தீரவேண்டும் என்பதும், கேட்பதற்கு முதற்படியாக அவள் இறப்பு மறைக்கப்படாமல் உரியவரிடம் தெரிவிக்கப்பட வேண்டும் என்பதுமே நான் இன்று சொல்ல வந்த பொருள்.

எங்கள் இல்லத்திலே பாத்திரம் துலக்க வரும் அம்மாளை உங்களிற் பலர் அறிவீர்கள். நம் காலனி மதிலுக்கு அப்பால் உள்ள குடியிருப்பிலே வாழ்பவர். 2024-ஆம் ஆண்டு மழைக்காலத்திலே நான்கு நாள் அவர் வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, அடுக்களை வாயிலிலே நின்றவாறே, "டாக்டர் தீதி, மருமகள் போய்விட்டாள்" என்றார். முதற்பிள்ளை. ஒரு சிறு தனியார் மருத்துவமனையிலே பிரசவம். குழந்தை நலமாகப் பிறந்தது. ஆனால் தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. அங்கே இரத்தம் இல்லை. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுமாறு கூறி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனர். வண்டி கிடைக்க நேரமாயிற்று. வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

இனி நடந்ததைக் கவனியுங்கள். சிறிய மருத்துவமனையின் ஏட்டிலே, உயிருடன் அனுப்பப்பட்டார் என்று எழுதப்பட்டது, அது உண்மையே. பெரிய மருத்துவமனையின் ஏட்டிலே, இறந்த நிலையிற் கொண்டுவரப்பட்டார் என்று எழுதப்பட்டது, அதுவும் உண்மையே. முன்னது, எங்களிடம் அவர் இறக்கவில்லை என்றது. பின்னது, எங்கள் நோயாளியே அல்லர் என்றது. இரண்டு உண்மைகளுக்கு நடுவே ஒரு பெண் காணாமற் போய்விட்டாள்! பத்தொன்பது வயதுப் பெண் பிரசவத்தினால் இறந்தாள் என்னும் செய்தி எந்த ஏட்டிலும் இல்லை.

அன்பர்களே! பிரசவ மரணம் என்றால் என்ன என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஓர் இலக்கணம் வகுத்துள்ளது. கருவுற்றிருக்கும் காலத்திலோ, அக்கரு எவ்வகையில் முடிந்தாலும் அதிலிருந்து 42 நாட்களுக்குள்ளோ, கருப்பத்தினாலும் அதற்கான சிகிச்சையினாலும் நேர்ந்த, அல்லது அவற்றாற் கடுமையாகிய ஒரு காரணத்தால் ஒரு பெண் இறப்பாளாயின் அது பிரசவ மரணம். விபத்து முதலிய தொடர்பற்ற காரணங்கள் இதிற் சேரா. "கரு எவ்வகையில் முடிந்தாலும்" என்பதை மனத்திற் கொள்ளுங்கள். மூன்றாம் மாதத்திலே கருச்சிதைவுற்று, நஞ்சேறி இறந்தவளும் இக்கணக்கிற் சேர்ந்தவளே. பிரசவமாகி முப்பதாம் நாள் மூச்சுத்திணறி, இதயநோய் முற்றி இறந்தவளும் சேர்ந்தவளே. ஆனால் முன்னவளைப் பற்றிக் குடும்பத்தார் வாய்திறவார். பின்னவளைப் பற்றி, இதயநோய் என்று எழுதி முடித்துவிடுவர். இவ்வாறே கணக்கிலே ஓட்டைகள் விழுகின்றன.

ஓட்டை விழுந்த கணக்கினால் யாருக்கு என்ன கேடு என்று வினவலாம். நம் நாட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். 1946-ஆம் ஆண்டு ஸர் ஜோஸப் போர் தலைமையிலான குழு அறிக்கை அளித்தபோது, ஆயிரம் பிறப்புக்கு 20 தாய்மார் இறப்பதாக மதிப்பிட்டது. அதாவது இலட்சம் பிறப்புக்கு 2,000 பேர். நாடு விடுதலை பெற்றபின் மருத்துவமனைகள் பெருகின, தாதியர் பெருகினர், மருந்துகள் வந்தன. 2001 முதல் 2003 வரை இந்தியாவில் இலட்சம் பிறப்புக்கு 301 தாய்மார் இறந்தனர். 2020 முதல் 2022 வரையிலான கணக்கிலே அது 88 ஆகக் குறைந்துள்ளது. பெருமைப்படத்தக்க செய்தியன்றோ!

ஆயினும் 88 என்பது இன்னும் சிறிய எண் அன்று. ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2025-ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2023 என்னும் ஓராண்டிலே மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 19,000 தாய்மார் இறந்தனர். நாளொன்றுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்டோர். நாம் இம்மண்டபத்திலே மாலை ஐந்து மணிக்கு வந்து பத்து மணிக்குக் கலைவதற்குள் பத்துத் தாய்மார் என்று கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. 301 என்றும் 88 என்றும் நான் கூறியவை மாதிரிப் பதிவு முறையினால் கிடைக்கும் விகிதங்கள். நாடெங்கும் தேர்ந்தெடுத்த சில ஊர்களையும் நகரப் பகுதிகளையும் ஆராய்ந்து கணக்கிடப்படுவன. சோற்றுப்பானையிலே சில பருக்கைகளை எடுத்துப் பதம் பார்ப்பது போன்றது அது. பானை வெந்ததா என்று அதனால் அறியலாம். வேகாத பருக்கை எது, அது ஏன் வேகவில்லை என்று அறியமுடியாது. நம் மதிலுக்கு அப்பால் இறந்த அப்பெண் ஏன் இறந்தாள் என்பதை எந்த விகிதமும் சொல்லாது. ஒவ்வோர் இறப்பையும் தனித்தனியே தெரிவித்து, தனித்தனியே ஆராய்ந்தால்தான் தெரியும்.

இவ்வாராய்ச்சி புதியதன்று. ஸ்காட்லாந்து நாட்டின் அபெர்தீன் நகரிலே 1789 முதல் 1792 வரை பிரசவக் காய்ச்சல் பரவிப் பல தாய்மார் மாண்டனர். அலெக்ஸாண்டர் கார்டன் என்னும் மருத்துவர் ஒரு பட்டியல் எழுதினார். நோயுற்ற பெண் யார், பிழைத்தாளா, இறந்தாளா, அவளுக்குப் பிரசவம் பார்த்தவர் யார் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். பட்டியலை நோக்கியபோது உண்மை விளங்கிற்று. நோயுற்றவர்களுக்குப் பணி செய்தவர்களே அந்நோயை அடுத்த வீட்டிற்குச் சுமந்து சென்றனர். அவ்வாறு சுமந்தவர்களுள் தாமும் ஒருவர் என்பதையும் அவர் ஒளிக்காமல் 1795-இல் அச்சிட்டு வெளியிட்டார். நுண்கிருமி என்னும் கொள்கை பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்கு முன்னர், ஒரு நேர்மையான பட்டியல் செய்த வேலை அது!

அவருக்குக் கிடைத்த பரிசு யாது? பட்டியலிலே பெயர் கண்ட மருத்துவச்சிகளும் ஊராரும் அவரை வெறுத்தனர். அவர் அந்நகரை விட்டுக் கப்பற்படைக்கே மீண்டார். இக்கதையிலே இரண்டு பாடங்கள் உள்ளன. இறப்பைத் தெரிவித்தால் உயிர்கள் காக்கப்படும் என்பது ஒன்று. தெரிவிப்பவருக்குப் பாதுகாப்பு இல்லையேல் எவரும் தெரிவிக்க முன்வரார் என்பது மற்றொன்று.

இவ்விரண்டு பாடங்களும் ஒருங்கே கைக்கொள்ளப்பட்டதை இங்கிலாந்திலே காண்கின்றோம். 1952-ஆம் ஆண்டு அங்கே பிரசவ மரணங்களைப் பற்றிய இரகசிய விசாரணை தொடங்கப்பட்டது. ஒவ்வோர் இறப்பும் ஆராயப்படும்; பெயர்கள் வெளிவாரா; கண்ட குறைகள் மட்டும் அறிக்கையாக வெளிவரும். அறுவைப் பிரசவத்திற்கு மயக்கமருந்து கொடுக்கும்போது, வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் சென்று தாய்மார் இறப்பதை அவ்வறிக்கைகள் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டின. முறைகள் திருத்தப்பட்டன, அவ்வகை இறப்பு மிக அருகிப் போயிற்று. பெயர் மாறினும் அவ்விசாரணை இன்றளவும் நடைபெற்று வருகின்றது.

நம் தாயகமாகிய தமிழ்நாட்டிலே 1994 முதல் பிரசவ மரணங்களைப் பதிந்து ஆராயும் பணி தொடங்கிற்று. கேரளத்திலே மகப்பேற்று மருத்துவர்களின் கூட்டமைப்பு, அரசின் துணையோடு, 2004-இல் இரகசிய ஆய்வைத் தொடங்கியது. இந்திய அரசு 2010-இல் நாடு முழுமைக்கும் நெறிமுறைகளை வகுத்தது. 2017-இல் அவற்றை விரிவாக்கியது.

தமிழ்நாட்டிலே 2001–2003-இல் 134 ஆக இருந்த விகிதம் 2018–2020-இல் 54 ஆயிற்று. ஆரம்பச் சுகாதார நிலையங்களிலே இரவும் பகலும் நர்சுகள் அமர்த்தப்பட்டனர். அறுவையும் இரத்தமும் எந்நேரமும் கிடைக்கும் மகப்பேற்று மையங்கள் மாவட்டந்தோறும் அமைந்தன. 2008-இல் 108 வண்டி வந்தது. இவையெல்லாம் ஆய்வினால் மட்டுமே வந்தன என்று கூறமாட்டேன். ஆனால், எங்கே காலந்தாழ்ந்தது என்பதை இறந்தவர்களின் வரலாறே அதிகாரிகளுக்கு உணர்த்திற்று என்பதை மறுக்கவியலாது.

தமிழ்நாட்டின் பெயரைச் சொன்னவுடன் கைதட்டினீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அதே 2018–2020 கணக்கிலே கேரளத்தின் விகிதம் 19. நமக்குச் சோறிடும் இந்த ஜார்க்கண்டு மாநிலத்தின் விகிதம் 56. நம் ஊருக்கும் இவ்வூருக்கும் இடையே இரண்டே எண் வேற்றுமை! ஆகவே, இது பின்தங்கிய இடம், நம்மூர் அப்படியன்று என்னும் பேச்சை இன்றோடு விட்டுவிடுவோம்.

இனி, நெறிமுறை என்ன சொல்கின்றது? 15 வயது முதல் 49 வயது வரையுள்ள எந்தப் பெண் இறந்தாலும், அவள் கருவுற்றிருந்தாளா, அண்மையிற் பிரசவித்தவளா என்று விசாரிக்க வேண்டும். மருத்துவமனையிலே பிரசவ மரணம் நேர்ந்தால் 24 மணி நேரத்திற்குள் மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டிலோ வழியிலோ நேர்ந்தால், நாடெங்கும் ஆஷா என்றும் இம்மாநிலத்தில் சஹியா என்றும் அழைக்கப்படும் ஊர்ப் பணிப்பெண் தெரிவிப்பார். பின்னர் மூன்று வாரத்திற்குள் ஒரு குழு இறந்தவர் இல்லத்திற்குச் சென்று, நடந்ததை ஆதிமுதல் கேட்டு எழுதும். மாவட்டக் குழு அதனை ஆராயும். மாவட்ட ஆட்சித் தலைவர் நடத்தும் கூட்டத்திற்கு இறந்தவரின் உறவினரையும் அழைத்துக் கேட்பர்.

அவ்விசாரணையிலே மூன்று தாமதங்களைத் தேடுவர். மருத்துவமனைக்குச் செல்லவேண்டும் என்று வீட்டிலே முடிவெடுப்பதில் நேர்ந்த தாமதம். சென்று சேர்வதில் நேர்ந்த தாமதம். சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் நேர்ந்த தாமதம். பிரசவத்திற்குப் பின் பெருகும் உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்திலேயே உயிரைக் குடித்துவிடக்கூடும். அங்கே அரை மணித் தாமதமும் ஒரு யுகம்.

சட்டமும் இல்லாமலில்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி ஒவ்வோர் இறப்பும் பதியப்பட வேண்டும். 2023-ஆம் ஆண்டு அச்சட்டம் திருத்தப்பட்டது. அரசுடையதாயினும் தனியாருடையதாயினும் எல்லா மருத்துவமனைகளும் இறப்பின் காரணத்தைக் குறித்துச் சான்றிதழ் அளிக்க வேண்டும். அதன் படியை நெருங்கிய உறவினருக்கும் தரவேண்டும். மருத்துவமனைகள் நிரப்பும் அப்படிவத்திலே, இறந்தவர் பெண்ணாயின் அவ்விறப்பு கருப்பத்தோடு தொடர்புடையதா, பிரசவம் நிகழ்ந்ததா என்னும் கேள்விகள் உள்ளன. இதயம் நின்றது போன்ற, உயிர் பிரிந்த விதத்தை எழுதாதீர், உயிரைப் பிரித்த நோயை எழுதுவீர் என்னும் கட்டளையும் அதிலேயே உள்ளது.

இதயம் நிற்காமல் இறந்தவர் எவரேனும் உளரா? ஆயினும் "இதயம் நின்றமையால்" என்று எழுதும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. நாடு முழுவதும் 2020-ஆம் ஆண்டு பதிவான இறப்புகளிலே மருத்துவர் காரணம் குறித்துச் சான்றளித்தவை 22.5 விழுக்காடே. எஞ்சியவை மருத்துவர் சான்றின்றியே ஏடேறின.

அன்பர்களே! பிறரைக் குறை கூறுவதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று கூறிவிட வேண்டும். 1985-ஆம் ஆண்டு. நான் படிப்பை முடித்து, வடநாட்டு ஊரொன்றிலே ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு நாள் விடியற்காலையிலே கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தனர் ஒரு பெண்ணை. வீட்டிலே மூன்றாம் பிரசவம். நஞ்சுக்கொடி முழுதும் வெளிவரவில்லை. இரவெல்லாம் உதிரம் போயிருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கூறினார். அவ்வூர்ப் பேச்சு எனக்கு அப்போது விளங்கவில்லை. இரத்தம் தேடி ஆளை அனுப்பினோம். ஆள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சான்றிதழ்த் தாளை என் முன் வைத்தனர். "இதயமும் சுவாசமும் நின்றமையால் என்று எழுதிவிடுங்கள், இல்லையேல் வீண் தொல்லை" என்றார் என் மேலதிகாரி. நான் எழுதினேன். கையொப்பமும் இட்டேன். கணவர் கைநாட்டு வைத்து அத்தாளை மடித்து இடுப்பிலே செருகிக்கொண்டார். அத்தாளின்படி அந்தப் பெண் ஒரு தாயே அல்லள். அவளுக்குப் பிரசவமும் நிகழவில்லை, உதிரமும் போகவில்லை. இரத்தம் இல்லாக் குறை அம்மருத்துவமனையிலே அவளுக்குப் பின்னும் நெடுங்காலம் இருந்தது. எழுதப்படாத குறையை யார் வந்து தீர்ப்பார்? நாற்பது ஆண்டுகளாகியும் அந்தக் கையொப்பம் என் நெஞ்சை அறுக்கின்றது.

நான் தீயவள் அல்லேன், அஞ்சினவள். இன்றும் இறப்பை மறைக்கும் மருத்துவர்களிற் பெரும்பாலோர் அஞ்சினவர்களே. அவர்கள் அச்சம் பொய்யுமன்று. இராஜஸ்தானிலே 2022-இல் பிரசவத்திற்குப் பின் உதிரப்போக்கினால் ஒரு தாய் இறந்தபோது, சிகிச்சை செய்த பெண் மருத்துவர்மீது கொலைக்குற்றம் பதியப்பட்டது. அவர் மனமுடைந்து தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு தாயின் சாவிற்காக மற்றொரு பெண்ணின் சாவு! இதனால் யார் பிழைத்தார்? இதனைக் கேள்வியுற்ற மற்ற மருத்துவர் என் செய்வர்? உதிரப்போக்கு எனக் கண்டவுடன் சீட்டெழுதி வேறிடத்திற்கு அனுப்பிவிடவே முயல்வர். வண்டியிலே இறக்கட்டும், என் வாசலிலே வேண்டா என்னும் எண்ணம் அங்கேதான் முளைக்கின்றது.

ஆகையால் நான் இரண்டையும் ஒருங்கே வேண்டுகின்றேன். பிரசவ மரணத்தைத் தெரிவிப்பது மருத்துவமனையின் விருப்பத்திற்கு விட்டுவிடத்தக்கதன்று. அரசு, தனியார் என்னும் வேற்றுமையின்றி, அது கட்டாயக் கடமையாக நடைமுறையில் இயங்க வேண்டும். மறைத்தவருக்குத் தண்டனை இருக்கட்டும். ஆனால் உண்மையைத் தெரிவித்தவர், அத்தெரிவிப்பின் காரணமாகவே தண்டிக்கப்படலாகாது. யார் மீதும் பழி சுமத்துவதற்கு ஆய்வைப் பயன்படுத்தலாகாது என்று நெறிமுறையும் கூறுகின்றது. 2005-ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ வழக்கிலே உச்சநீதிமன்றமும், மருத்துவர் மீது குற்றவழக்குத் தொடர்வதற்குப் பெருங்கவனக்குறைவு இருத்தல் வேண்டும், நடுநிலையான மருத்துவக் கருத்தைப் பெறவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அப்படியாயின் உண்மையிலேயே தவறிழைத்தவன் தப்பிவிடுவானே என்று ஒரு தந்தை கேட்கலாம். நியாயமான கேள்வி. நீதிமன்றமும் மருத்துவக் கவுன்சிலும் அதற்காகவே உள்ளன. அவற்றின் கதவை எவரும் அடைக்கவில்லை. யார் செய்தார் என்பதை அவை கேட்கட்டும். எதனால் நேர்ந்தது, இனி எவ்வாறு தடுப்பது என்பதை ஆய்வுக்குழு கேட்கட்டும். இரண்டையும் ஒரே மேசையிலே வைத்துக் கேட்டால் இரண்டிற்கும் விடை கிடைக்காது.

மதிலுக்கு அப்பால் இறந்த பெண்ணின் கதைக்கு மீள்கின்றேன். செய்தியைக் கேட்ட அன்றே அக்குடியிருப்பின் சஹியாவைத் தேடிச் சென்றேன். அவர் தெரிவித்தார். பதினைந்து நாட்களுக்குப்பின் குழு வந்தது. வீட்டுத் திண்ணையிலே அமர்ந்து மூன்று மணி நேரம் கேட்டனர். "வண்டிக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?" என்று கேட்டார்களாம். ஒன்றரை மணி நேரம் என்று மாமியார் கூறினார். பின்னொரு நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே அவர் என்னிடம் சொன்னார்: "தீதி, இத்தனை பேர் துக்கத்துக்கு வந்தார்கள். அந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது." மருமகள் திரும்பி வரவில்லை. ஆனால் அவள் பெயர் ஏட்டில் ஏறிற்று. அந்த ஒன்றரை மணியும் ஏறிற்று. இனி அதற்கு ஒருவர் பதில் கூறியாக வேண்டும்.

கடைசியாக, காலனிவாசிகளாகிய நாம் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறி முடிக்கின்றேன்.

முதலாவது, தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஏழாம் மாதம் வளைகாப்பிட்டு இரயிலேற்றுகின்றோம். வளையலும் பட்சணமும் பெட்டியிலே ஏறுகின்றன. தாய் சேய் நல அட்டையும் சோதனைச் சீட்டுகளும் அலமாரியிலே தங்கிவிடுகின்றன. இங்கே பார்த்த டாக்டருக்கு அங்கே நடப்பது தெரியாது; அங்கே பார்க்கும் டாக்டருக்கு இங்கே இரத்த அழுத்தம் ஏறியிருந்தது தெரியாது. இடர் நேர்ந்தால் இறப்பு ஓரூர்க் கணக்கிலும் இருப்பிடம் மற்றோரூர்க் கணக்கிலுமாய்ப் பிரிந்துபோகும். ஆகவே பெட்டியிலே முதலில் வைக்கவேண்டியது அந்த அட்டை.

இரண்டாவது, அபாயக் குறிகளை வீட்டிலுள்ள ஆண்களும் அறிதல் வேண்டும். கடுந்தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், வலிப்பு, உதிரப்போக்கு, காய்ச்சல், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், காலையில் பார்ப்போம் என்னும் சொல்லே வேண்டா. பிரசவத்திற்குப் பின் 42 நாட்களும் இக்கவனம் தேவை.

மூன்றாவது, நம் இல்லங்களிலே பணி செய்வோர், கட்டட வேலைக்கு வந்தோர் ஆகியோர் குடும்பங்களிலே இளம்பெண் ஒருத்தி இறந்தாள் என்று கேள்வியுற்றால், அவள் கருவுற்றிருந்தாளா என்று கனிவுடன் விசாரியுங்கள். ஆம் எனில் அன்றே சஹியாவிடமோ சுகாதார நிலையத்திலோ தெரிவியுங்கள். மருத்துவமனை தரும் காரணச் சான்றிதழின் படியைக் கேட்டு வாங்க அவர்களுக்குத் துணை நில்லுங்கள்.

நான்காவது, நம் சங்கம் குருதிக்கொடை அளிப்போர் பட்டியல் ஒன்றைக் காலனி மருத்துவமனைக்கு அளிக்க வேண்டும். இவ்விழா முடியுமுன் இளைஞர்கள் தம் பெயரைச் செயலாளரிடம் பதிந்து செல்வார்களாயின், இன்று நான் பேசியது வீணாகவில்லை என்று மகிழ்வேன்.

ஐந்தாவதும் ஒன்று உண்டு. ஒரு மருத்துவர் தம் வாசலிலே நேர்ந்த இறப்பை மறைக்காமல் தெரிவித்தார் என்று கேட்டால், அவரைத் தூற்றாதீர்கள். 1985-இல் நான் செய்யத் தவறியதை அவர் செய்திருக்கின்றார்.

மறுபிறப்பு எய்தாது போன தாய்மாரை நம்மால் மீட்கவியலாது. அவர்களை ஏட்டிலேனும் மறையவிடாமல் காத்தால், அடுத்து வருபவளின் உயிரைக் காக்கும் வழியை அவர்களே நமக்குக் காட்டுவர்.